முப்பத்திரண்டாவது ஒற்றுமை

லண்டன் வக்கீல் அனுப்பிய பட்டியலில்
முப்பத்தொரு ஒற்றுமைகள்.
தாடிக்கார ஆசான். பேசும் பூனை.
அநாதைச் சிறுவன்.
தொலைந்துபோனவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு.
ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்:
நகல். தூண்டுதல்.
ஏதாவதொன்றில் நான் டிக் போட வேண்டும்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
மாதக் கடைசியில், வரி போக.

கார்டிஃபுக்கு வெளியே
மூடிக்கிடந்த எஃகு ஆலைக்குள்
எங்கள் மந்திரப் பள்ளி நிற்கிறது.
கோபுரங்கள் தெர்மாகோல்.
மழை மட்டும் அசல்.
தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில்
எட்டாவது டேக்கும் வீண்.

மந்திரக்கோல், பட்டியலில் நான்காவது.
பொருள் கிடங்கில் ப்ரான்வெனிடம் கேட்டேன்,
யார் வடிவமைத்தது?
பதிலுக்குக் கத்தியை எடுத்துக்
கைப்பிடியருகே சுரண்டினாள்.
கறுப்புக்குக் கீழே தங்கம்.
"பிரிஸ்டல்காரர்கள் தொடர். மூன்றே வாரத்தில் நின்றது."
தங்கத்துக்குக் கீழே வெள்ளை.
"கிறிஸ்துமஸ் நாடகம். தேவதை கையில்."
வெள்ளைக்குக் கீழே வார்னிஷ்,
வார்னிஷில் பாதி தேய்ந்த
ஒரு மதுக்கடையின் பெயர்.
ஸ்னூக்கர் குச்சி.
நான்காம் எண்ணுக்கு எதிரே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

சரி, தாடிக்கு யார் சொந்தம் கொண்டாடுவது?
பூனை ஏதோ சொல்லவருகிறது என்று
ஒருநாளும் தோன்றாதவர்
பூனை வளர்த்தவரே இல்லை.
அநாதையா?
கதை எழுதுகிறவர்களுக்கு அப்பா அம்மா இடைஞ்சல்,
முதல் பக்கத்திலேயே கொன்றுவிடுகிறார்கள்.
கதவு? எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவும்
அதற்கு மனது வந்தால்தான் திறக்கும்.
முப்பத்தொன்றுக்கும் தூண்டுதல் என்றே டிக்.
வக்கீலுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆறாம் எபிசோடில்தான் மாட்டிக்கொண்டேன்.
பட்டியலில் வராத இடம்.
மகளை மறந்துபோக மந்திரம் வாங்கும் தாய்
அதைக் குடிப்பதற்கு முன்
குழந்தையின் ஷூ அளவை மட்டும்
உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறாள்.

பன்னிரண்டு வயதில், காய்ச்சலில்,
போர்வைக்குள் டார்ச் பிடித்து
இதை நான் படித்திருக்கிறேன்.
அட்டை கிழிந்த நூலகப் புத்தகம்.
அதே உள்ளங்கை.
அளவுகூட அதே முப்பத்துமூன்று.
மூலத்தில் ஒட்டிக்கிடந்த ஈக்காக
ஒரு ஈயைத் தேடி அடித்து ஒட்டினானாமே,
அந்த ஈ.

கெரைன்ட்டைக் காபி இயந்திரத்தருகே பிடித்தேன்.
"அப்படியொரு புத்தகத்தைப் பார்த்ததே இல்லை" என்றான்.
கோப்பை நிரம்பி வழிந்தது, எடுக்கவில்லை.
"கனவென்று நினைத்தேன், நெரிஸ்.
எழுந்து அழுதேன்.
அழுததால் என்னுடையது என்று..."

அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

மாலை ஒத்திகை.
கூட்டத்தில் நிற்க வந்த உபாஹ், வயது ஒன்பது,
ப்யூட்டவுனிலிருந்து பஸ்ஸில் வந்தவள்,
ஸ்னூக்கர் குச்சியைத் தூக்கி
ஒரு சொல்லை உரக்கச் சொன்னாள்.
ஸ்கிரிப்டில் இல்லாத சொல்.
ஏணிமேல் இருந்த விளக்குக்காரர்கூடத்
திரும்பிப் பார்த்தார்.
"எங்கே பிடித்தாய் இதை?"
"எங்க பஸ் ஸ்டாப் பேரு.
பின்னாலேர்ந்து படிச்சேன்."
உதவி இயக்குநர் குறித்துக்கொண்டார்.
அடுத்த வாரம் அது
கெரைன்ட் பெயரில் திரைக்கதையில் இருக்கும்.

இரவு, அறிக்கையின் அடியில்
கையால் இரண்டு வரிசை சேர்த்தேன்.
முப்பத்துமூன்று: ஒரு மந்திரச் சொல்.
உரியவர் உபாஹ். கேட்காமல் எடுக்காதே.
அதற்கு மேலே, முப்பத்திரண்டு:
தாய், உள்ளங்கை, ஷூ.
நகல் என்று அழுத்தி டிக் போட்டேன்,
தாள் கிழிந்தது.
மூல ஆசிரியர் பெயர் எழுதும் இடம்
இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.
விடியும்வரை யோசித்தும் வரவில்லை.
எத்தனை இரவு அந்தப் புத்தகத்தோடு தூங்கியிருப்பேன்.
அளவு மட்டும்தான் நினைவிருக்கிறது.